பேராக்கில் ஒரு புத்தகம் உருவாகும் வழி

கைப்பேசி ஒன்று போதும். சுங்கை சிப்புட்டில் இருந்தாலும் பாகான் டத்தோவில் இருந்தாலும் ஒருவர் இன்று தமிழில் ஒரு நாவலை எழுதி முடித்துவிடலாம். எழுதியதை உட்கார்ந்த இடத்திலிருந்தே அச்சகத்துக்கு அனுப்பலாம். ஆயிரம் பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்று அச்சகத்தார் சொன்ன காலம் போய்விட்டது. ஐம்பது பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். நூல் எண் வேண்டுமென்றால் தேசிய நூலகத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மின்னூல் மட்டும் போதுமென்றால் அச்சகமும் தேவையில்லை.

இத்தனை வசதிகள் வந்த பிறகும், தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நம் புத்தகங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தொடர்ந்து தென்படுகிறது. அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, நெரை (மர வரிசை) பிடித்துப் பால்மரம் வெட்டுவது, தோட்டக் கணக்கரான கிராணியின் அதட்டல், மாரியம்மன் கோயில் திருவிழா, பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறிய நாள் என்று எல்லாமே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான பிரதிகள் முதல் வரைவிலேயே நின்றுவிடுகின்றன. ஒரே சம்பவம் இரண்டு அத்தியாயங்களில் வருகிறது. தாத்தாவின் வயது கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஒரு காட்சி உச்சத்துக்குப் போகும் நேரத்தில் ஆசிரியர் குறுக்கே வந்து ஒற்றுமையைப் பற்றி அறிவுரை சொல்கிறார். யாராவது ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து அந்தப் பிரதியை ஒரு மாதம் படித்திருந்தால் அது வேறு புத்தகமாக ஆகியிருக்கும். அந்த ஒருவர் எப்படி இல்லாமல் போனார், இன்றுள்ள கருவிகளைக் கொண்டு அவரை எப்படி மறுபடியும் கொண்டுவரலாம் என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பணம். மலேசியாவில் ஒரு தமிழ்ப் புத்தகம் எப்படிப் பிழைக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுத்தாளரே தம் சேமிப்பிலிருந்து அச்சுக்கூலி கட்டுகிறார். கோலாலம்பூரிலோ சென்னையிலோ அச்சாகி, பெட்டி பெட்டியாக வீடு வந்து சேர்கிறது. அப்புறம் வெளியீட்டு விழா. ஈப்போவில் ஒரு மண்டபம், குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, தலைமை தாங்க ஒரு பிரமுகர், நூலாய்வுக்கு ஓர் ஆசிரியர். முதல் நூலைப் பெறுபவர் உறையில் ஒரு தொகை வைத்துத் தருவார். அடுத்தடுத்து மேடைக்கு வருபவர்களும் தங்களால் இயன்றதைத் தருவார்கள். திருமண வீட்டில் மொய் எழுதுவதைப் போன்ற ஏற்பாடு இது. அரசு நிதியோ பெரிய பதிப்பகமோ இல்லாத இடத்தில், ஒரு சமூகம் தன் எழுத்தாளரைக் கடனில் மூழ்கவிடாமல் காப்பாற்றக் கண்டுபிடித்த வழி. இதை நான் மதிக்கிறேன். இந்த உறைகள் இல்லாவிட்டால் நம் நூலகங்களில் உள்ள மலேசிய நூல்களில் பெரும்பகுதி வெளிவந்தே இருக்காது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. புத்தகத்துக்கான பணம் முழுவதும் ஒரே மாலையில் வந்துவிடுகிறது. அதைத் தருபவர்கள் புத்தகத்தை இன்னும் படித்திருக்கவில்லை. அவர்கள் தருவது எழுத்தாளர் மீதுள்ள அன்புக்கும் மொழி மீதுள்ள பற்றுக்கும். எனவே பிரதி எப்படி இருக்கிறது என்ற கேள்வி எந்தக் கட்டத்திலும் எழுவதில்லை. விழாவுக்கு முன் அது அச்சுக்குப் போயாக வேண்டும். விழா முடிந்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. இரண்டாம் பதிப்பு வருவது அரிது. அப்படி வந்தாலும் அது திருத்திய பதிப்பாக இருப்பது அதனினும் அரிது.

அச்சுக்கு முன்பே பணம் திரட்டுவது தமிழுக்குப் புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, புத்தகம் வருவதற்கு முன்பே வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றார். இன்று இணையத்தில் மக்கள் நிதி என்று நடப்பதன் பழைய வடிவம் அது. அந்தக் கையொப்பங்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சிந்தாமணியின் பக்கம் திருப்பியது 1880இல். இடையிலிருந்த ஏழு ஆண்டுகளும் ஏடு தேடுவதிலும், ஏட்டுக்கு ஏடு ஒப்பிடுவதிலும், சமண நண்பர்களிடம் பொருள் கேட்டுத் தெளிவதிலும் சென்றன. பாரதியும் 1920இல், தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி என்ற கணக்கில் வெளியிட நண்பர்களிடம் முதல் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். பணம் வரவில்லை, அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

சிறு தொகைகளைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வதில் பேராக்குக்குத் தனி வரலாறு இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கின. வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழக்கும் நிலைக்குத் தொழிலாளர்கள் தள்ளப்பட்டார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அந்தப் பணம் தோட்டங்களை வாங்கியது. பின்னாளில் அந்தச் சங்கத்தின் வழியாகவே டான் ஸ்ரீ கே.ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியத்தின் புத்தகப் பரிசுகளும் வந்தன. கோலாலம்பூரில் நம் நூல்கள் பல வெளியீடு காணும் சோமா அரங்கமும் சங்கத்தின் கட்டடமான விஸ்மா துன் சம்பந்தனில்தான் இருக்கிறது. அந்த மேடையில் ஒரு தோட்டத்து நாவல் வெளியிடப்படும்போது, பால்மரம் வெட்டியவர்களின் பத்து வெள்ளியும் அதில் கலந்திருக்கிறது. அவர்களுக்குச் சேர வேண்டிய புத்தகம் அரைகுறையாக வரலாமா என்று நான் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எழுத்துக்கு வருகிறேன். மலேசியாவில் தமிழ்க் கதை எழுதுவது எப்படி என்று முறையாகச் சொல்லிக்கொடுத்த முதல் இடம் பல்கலைக்கழகமல்ல, ஒரு நாளிதழ். 1950ஆம் ஆண்டின் இறுதியில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ தொடங்கினார்கள். வகுப்பறை என்று எதுவும் கிடையாது. பாடம் பத்திரிகையில் வரும். படித்தவர்கள் தாங்கள் இருக்கும் ஊரிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் கதை எழுதி அஞ்சலில் அனுப்புவார்கள். வந்த கதைகளை ஆசிரியர்கள் படித்து, குறை நிறை சொல்லி, எழுதியவர்களைத் தரம் பிரித்து அறிவித்தார்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த, அவசரகாலக் கெடுபிடி நிலவிய நாட்கள் அவை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்துத்தான் அந்த அவசரகாலமே வந்தது. முள்வேலிக்குள் லயங்கள் அடைபட்டிருந்த காலத்தில் ஓர் அஞ்சல்தலைச் செலவில் கதை கற்றுக்கொள்ள முடிந்தது.

தொடர்ந்து சுப. நாராயணன் ‘தமிழ் முரசு’ இதழில் ‘ரசனை வகுப்பு’ நடத்தினார். எழுதக் கற்றுக்கொடுத்தவர் அடுத்ததாகப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1952இல் கு. அழகிரிசாமி ‘தமிழ் நேச’னுக்கு ஆசிரியராக வந்தார், 1957 வரை இங்கே இருந்தார். அவர் நடத்திய இலக்கிய வட்டத்தில் எழுத்தாளர்கள் கூடிக் கதைகளைப் பற்றி முகத்துக்கு நேரே பேசினார்கள். தமிழின் மிகச் சிறந்த சிறுகதை ஆசிரியர்களில் ஒருவர் இங்குள்ள இளைஞர்களின் பிரதிகளை எடுத்துவைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் அறுபதுகளில் தெரியும் தெம்புக்கு இந்தச் சில ஆண்டுகளே அடித்தளம் என்பது என் எண்ணம்.

கதை வகுப்பு என்ற ஏற்பாட்டில் இருந்தவை மூன்று. எழுதியதைக் கட்டாயம் படிக்கும் ஓர் ஆசிரியர். எழுதியவருக்குத் திரும்பி வரும் பதில். அடுத்த கதைக்குக் குறித்த ஒரு தேதி. பின்னாளில் வந்த சிறுகதைப் போட்டிகளும், ‘தமிழ் நேசன்’ எழுபதுகளில் நடத்திய பவுன் பரிசுத் திட்டமும், ஆஸ்ட்ரோ வானவில் தொலைக்காட்சியும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து நடத்திய நாவல் போட்டியும் பலரை எழுதவைத்தன. அதில் ஐயமில்லை. ஆனால் போட்டி ஒரு பிரதியைத் தேர்ந்தெடுக்கும் அல்லது ஒதுக்கும். அதைத் திருத்தித் திருப்பி அனுப்பாது. பரிசு பெறாத நாவலை எழுதியவருக்குத் தம் நாவல் எங்கே தளர்ந்தது என்று கடைசிவரை தெரியாது. பரிசு பெற்றவருக்கும்கூடத் தெரியாது.

ஞாயிறு மலர்களின் கதைப் பக்கங்கள் நெடுங்காலம் கதை வகுப்பின் இடத்தை ஓரளவு நிரப்பின. நம் நாவல்களில் பல, பத்திரிகையில் தொடராக வந்து, பிறகு அந்தத் தாள்களை வெட்டி ஒட்டிச் சேர்த்து நூலானவை. தொடர் எழுத்து ஒழுங்கைக் கற்றுத்தரும். வாரம் தவறாமல் எழுதியாக வேண்டும். ஆனால் மூன்றாம் வாரத்தில் செய்த தவறை முப்பதாம் வாரத்தில் போய்த் திருத்த முடியாது. நூலாக்கும்போது திருத்தலாம், பெரும்பாலோர் திருத்தவில்லை. இப்போது அந்தப் பக்கங்களும் சுருங்கிவிட்டன. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரி இறுதியோடு நின்றுபோனது. அந்த இழப்பைச் செய்தித்தாளின் இழப்பாகத்தான் நாம் பேசினோம். எழுத்தாளர்களின் பயிற்சிக்களம் ஒன்று மூடப்பட்டதாகப் பேசியவர்கள் குறைவு.

தொடர் எழுத்து இணையத்தில் புது உருவம் எடுத்திருக்கிறது. ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாள் ‘வெண்முரசு’ எழுதத் தொடங்கி, 2020இல் இருபத்தாறு நாவல்களோடு நிறைவு செய்தார். நாளுக்கு ஓர் அத்தியாயம் இணையத்தில் வந்தது; நூல்கள் பிறகு அச்சாயின. அமெரிக்காவில் ஆண்டி வியர் ‘தி மார்ஷியன்’ நாவலைத் தம் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டார். அறிவியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சொல்ல, திருத்திக்கொண்டே போனார். 2011இல் அதைக் கிண்டிலில் மிகக் குறைந்த விலைக்குப் போட்டார். 2014இல் பெரிய பதிப்பகம் ஒன்று அச்சில் கொண்டுவந்தது. பெங்களூரில் 2014இல் தொடங்கிய பிரதிலிபி தமிழிலும் ஆயிரக்கணக்கானோரை எழுதவைத்திருக்கிறது. இவற்றில் வியரின் வழிதான் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. அவர் வாசகரிடம் பாராட்டு மட்டும் வாங்கவில்லை, தகவலும் வாங்கினார். ஒரு ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதுபவருக்கும் இதே வசதி இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த நூறு பேர் இன்று ஈப்போ புந்தோங்கிலும் தைப்பிங்கிலும் கிள்ளானிலும் சிதறியிருக்கிறார்கள். ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள்.

தமிழை எந்திரத்தில் எழுதும் முயற்சியில் இந்த நாட்டுக்குப் பெருமைப்படத்தக்க இடம் உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதன் அஞ்சல் விசைமுறை உலகத் தமிழர் பலருடைய விரல்களில் இன்றும் இருக்கிறது. 2005இல் வந்த செல்லினம், கைப்பேசியில் தமிழில் எழுதும் வழியைத் திறந்தது. இன்று தோட்டத்துப் பாட்டியின் பேரன் பேருந்தில் உட்கார்ந்து தமிழில் எழுதுகிறான் என்றால் அதன் வேர் மலேசியாவில்தான் இருக்கிறது.

ஆனால் இதே காலத்தில் நேர்ந்த ஒரு சேதத்தையும் சொல்லியாக வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன் ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு குறிமுறை. தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில் கோத்த நம் நூல்களின் கோப்புகளை இன்று திறந்தால் குறியீடுகள்தான் தெரிகின்றன. பல எழுத்தாளர்களிடம் அச்சான புத்தகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மறுபதிப்புக்கு முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். ஆகவே புதிதாக எழுதுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எதில் எழுதினாலும் ஒருங்குறியில் எழுதுங்கள், வரைவுகளுக்குத் தேதி போட்டு வையுங்கள், பழைய வரைவை அழிக்காதீர்கள் என்பதுதான். உ.வே.சா. ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டதுபோல் நாளை யாராவது நம் வரைவுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

குரலால் எழுதுவது 2017இல் கூகுள் தமிழுக்கும் வந்தது. அதன் மொழிப்பட்டியலில் மலேசியத் தமிழ் என்று தனியாகவே ஒரு தெரிவு இருக்கிறது. எழுதப் பழகாத, ஆனால் பேச ஆரம்பித்தால் விடியும்வரை பேசக்கூடிய ஒரு தலைமுறையின் நினைவுகளை எழுத்தாக்க இதைவிட நல்ல கருவி இதுவரை வந்ததில்லை. ஆனால் பெரட்டு, மண்டோர், ஒட்டுப்பால், ஆயக்கொட்டகை, காண்டா வாளி என்று பேச்சு போகும்போது எந்திரம் தடுமாறும். தனக்குத் தெரிந்த வேறொரு சொல்லைப் போட்டுவிடும். அந்த இடங்களில்தான் தோட்டமே இருக்கிறது. ஒலிப்பதிவை அருகில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்க்காமல் அந்தப் பிரதியை நம்பக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் தமிழுக்கும் இது பொருந்தும். நாலு வரி கொடுத்தால் நாற்பது பக்கம் தருகிறது. பிழையில்லாத, பழுதில்லாத, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத நடை. பால்மரத்துக் காட்டில் மழை பிடித்தால் அன்றைய வெட்டு போய்விடுமே என்று வானத்தைப் பார்க்கும் ஒருத்தியின் கவலை, அன்றைய சம்பளக் கணக்கு தெரிந்தவருக்கே புரியும். வரைவில் எங்கே சொன்னதையே சொல்லியிருக்கிறோம், எந்த ஆண்டு எதோடு மோதுகிறது என்று கண்டுபிடிக்க இந்தக் கருவியைப் பயன்படுத்துங்கள். நானும் அதை ஆதரிப்பேன். நடையை மட்டும் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

ஈப்போவைப் பற்றி எழுதப்பட்டு உலகம் படித்த ஒரு நாவலின் கதையை இங்கே வைத்துப் பார்ப்பது பயன் தரும். பத்து காஜாவில் பிறந்து ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசன், ஈப்போவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ‘ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே’ 2008இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்தது. அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புனைவெழுத்து படித்தவர். அந்நாவலின் வரைவுக்கு அங்கே ஹாப்வுட் பரிசும் கிடைத்தது. அத்தகைய படிப்பில் ஓர் எழுத்தாளரின் அத்தியாயத்தைச் சக மாணவர்கள் முழுவதும் படித்துவிட்டு வந்து வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அதன் பிறகு முகவர் படிப்பார், பதிப்பாசிரியர் படிப்பார், மெய்ப்புத் திருத்துபவர் படிப்பார். கடைக்கு வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு பேராவது அதைக் கவனமாகப் படித்திருப்பார்கள். அதே ஈப்போவில் அதே ஆண்டு தமிழில் நாவல் எழுதிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். வெளியீட்டுக்கு முன் அவர் பிரதியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அணிந்துரை எழுதியவராவது முழுவதும் படித்தாரா? திறமையின் அளவை இங்கே நான் ஒப்பிடவில்லை. ஒருவருக்குக் கிடைத்ததும் மற்றவருக்குக் கிடைக்காததும் வாசகர்களின் உழைப்பு. அந்த உழைப்பை நாம் ஏற்பாடு செய்துகொள்ள முடியும். அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளர் ம. நவீன் நடத்தும் ‘வல்லினம்’ 2007இல் அச்சிதழாகத் தொடங்கி 2009இல் இணையத்துக்கு மாறியது. இதழ், விமர்சனம், பட்டறை, விருது, பதிப்பு எல்லாம் ஒரே குழுவிலிருந்து வந்ததால், ஒரு கதை நூலாவதற்குள் கடுமையான வாசிப்புகளைக் கடந்து வந்தது. அவர்களது கறாரான விமர்சனம் பலரை வருத்தியது உண்மை. ஆனாலும் அந்தக் கறார் இல்லாமல் அந்த நூல்கள் இல்லை என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டுப் பதிப்பகத்தோடு சேர்ந்து நூலைக் கொண்டுவரும் வழியையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். நவீனின் ‘பேய்ச்சி’ வல்லினமும் சென்னை யாவரும் பதிப்பகமும் இணைந்து 2019இல் வெளியிட்ட நாவல். இரு நாட்டிலும் வாசகர், இரு நாட்டிலும் விமர்சனம். மலேசிய நூல் தமிழ்நாட்டுக் கடைக்குப் போகாது என்ற பழைய மனக்குறைக்கு இது ஒரு விடை.

அந்நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு, 1984ஆம் ஆண்டின் அச்சகம், பதிப்புச் சட்டத்தின் கீழ்த் தடை செய்தது. ஒரு தோட்டத்து நாவல் அந்தத் தோட்டத்து மக்கள் வாழும் நாட்டில் விற்கப்பட முடியாமல் போனது எனக்கு ஆறாத வருத்தம். தனியாகப் பதிப்பிக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். சொந்தமாக வெளியிடும்போது பதிப்பாளர் என்ற சட்டப் பொறுப்பும் எழுத்தாளர் தலையிலேயே விழுகிறது. பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் இருப்பார். தனி மனிதருக்குத் தம் பிரதியை முன்கூட்டியே படித்துச் சொல்லும் நண்பர்களே துணை.

அச்சு முறையில் வந்த மாற்றத்தை இந்தத் தேவைக்கு எப்படித் திருப்புவது? ஆஃப்செட் அச்சில் தகடு செய்யும் செலவும் எந்திரத்தை ஓட்டத் தயார்படுத்தும் செலவும் முதலிலேயே வந்துவிடும். பத்துப் பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தத் தொகை மாறாது. ஆகவே ஆயிரம் அடித்து ஒரு பிரதியின் விலையைக் குறைத்தார்கள். டிஜிட்டல் அச்சில் தகடு கிடையாது. ஒரு பிரதிக்கான செலவு கூடுதல்தான், ஆனால் மொத்தமாகப் போடும் முதல் குறைவு. பலர் இதைச் சிறிய வெளியீட்டு விழாவுக்கான வசதியாக மட்டும் பார்க்கிறார்கள். என் பார்வையில் இதன் பெரிய பயன், வரைவையே அச்சிட்டுப் படிக்கக் கொடுக்கலாம் என்பது. இருபது பிரதி, விலை போடாமல், ஓரத்தில் எழுத இடம் விட்டு. திரையில் படிக்கத் தயங்கும் மூத்தவர்கள் தாளில் படிப்பார்கள். “இந்தக் கோயில் பழைய லயத்துப் பக்கம் இருந்தது, நீ எழுதியபடி ஆற்றோரம் இல்லை” என்று பேனாவால் எழுதுவார்கள்.

மின்னூலின் நிலை வேறு. கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. மலேசியாவுக்கென்று அமேசானின் தனிக் கடை இல்லாததால் நம் வாசகர் சுற்றிப் போய்த்தான் வாங்க வேண்டும். ஆகவே பேராக் எழுத்தாளருக்குக் கிண்டில் வெளிநாட்டுத் தமிழரை எட்டும் வழி. பக்கத்து வீட்டுக்காரரை எட்டும் வழி அதுவல்ல. விலையின்றிப் பகிர விரும்பினால், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2013இல் தொடங்கிய கட்டற்ற மின்னூல் முயற்சியும் முன்மாதிரியாக இருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரரை எட்டுவதற்குப் பேராக்கில் வேறொன்று இருக்கிறது. நாட்டிலேயே அதிகமான தமிழ்ப் பள்ளிகள் உள்ள மாநிலம் இது, 130க்கும் மேல். பல பள்ளிகள் தோட்டம் போன பிறகும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சம்பந்தன் நிறுவிய சுங்கை சிப்புட் மகாத்மா காந்தி கலாசாலையைப் போல வட்டாரத்துப் பிள்ளைகளை ஒன்றுசேர்த்த பள்ளிகளும் உண்டு. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர்கள் உருவாகிறார்கள். ஈப்போவில் ஆசிரியர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. படிக்கவும் திருத்தவும் தெரிந்த இத்தனை பேர் ஒரே மாநிலத்தில் இருக்கும்போது, கதை வகுப்பை மறுபடி தொடங்க எது தடை?

நான் நினைக்கும் ஏற்பாடு இது. ஒரு பள்ளி, அதன் பெயரில் இருந்த ஒரு தோட்டம், அந்தத் தோட்டத்தைப் பற்றி ஒரு நூல். பழைய குடும்பங்களின் பேச்சைப் பதிவு செய்வதில் தொடங்கலாம். பேசுபவரிடம் அனுமதி பெற வேண்டும். வெளியே சொல்லக் கூடாத பெயர்களை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டு, பள்ளிப் பதிவேடு, கோயில் திருவிழா அழைப்பிதழ், குடியுரிமை பெறாதவர்களின் சிவப்பு அடையாள அட்டை, பழைய நிழற்படம் எதுவாயிருந்தாலும் படம் எடுத்துவைக்க வேண்டும். ஒருவரோ இருவரோ அதை எழுத வேண்டும். கூட்டாக எழுதினால் நடை சிதறிவிடும். மாதத்துக்கு ஓர் அத்தியாயம், ஐந்து பேருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பாராட்டு எழுதக் கூடாது, ஐயங்களை மட்டும் எழுத வேண்டும். அவர்களில் ஒருவராவது அந்தத் தோட்டத்தைப் பார்த்தேயிராதவராக இருப்பது நல்லது. எங்கே விளக்கம் போதவில்லை என்று அவரால்தான் சொல்ல முடியும். வரைவு முடிந்ததும் இருபது பிரதி அச்சு, மூன்று மாத வாசிப்பு, பிறகு திருத்தம். வெளியீட்டு விழா வேண்டும்; உறையும் வரட்டும். விழாவில் திரளும் பணத்தில் ஒரு பகுதியைப் பிரதியைப் படித்துத் திருத்தியவருக்கு ஊதியமாகத் தர வேண்டும் என்பதே நான் கேட்கும் ஒரே மாற்றம். திருத்துவது ஒரு வேலை என்று நாம் ஒப்புக்கொள்ளாதவரை அதைச் செய்ய யாரும் வரமாட்டார்கள். சட்டப்படி ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைத்துவிட்டால், நம் வீட்டுப் பெட்டியைக் கரையான் அரித்தாலும் அங்கே அது இருக்கும்.

1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து பார்த்தால் பேராக்கில் ரப்பரின் வயது ஒன்றரை நூற்றாண்டு. அதில் கடைசி ஐம்பது ஆண்டுகளை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். செம்பனைக்கு மாறியது, லயங்கள் இடிந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்தது எல்லாம் அவர்கள் கண் முன்னே நடந்தவை. எழுபதுகளில் மரம் வெட்டத் தொடங்கியவர்களுக்கு இப்போது எழுபது வயதாகிறது. ஒலிப்பதிவை இந்தத் தீபாவளி விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம். வகுப்பை எங்கே நடத்துவது, யார் பொறுப்பேற்பது என்பதையெல்லாம் பிறகு கூடிப் பேசிக்கொள்ளலாம்.